ஃபெர்மி பட்டியலில் இடம் பிடிக்காத காமா மூலங்களை எப்படி எண்ணுவது?

கோத்தகிரி கணக்கு எழுதியது:

காமா கதிர்களைப் பார்க்கும் ஃபெர்மி விண்கலத்தின் நான்காவது மூலப் பட்டியலை, அதாவது வானத்தில் காமா கதிர் வரும் இடங்களின் பட்டியலை, கொஞ்ச நாளாக நோண்டிக்கொண்டிருக்கிறேன். 8 வருடத் தரவில் 5064 மூலங்கள். அதையே 14 வருடத் தரவுக்கு நீட்டியபோது 7194. அதற்கு முந்தைய மூன்றாவது பட்டியலில், 4 வருடத் தரவில், 3033 தான். எல்லாவற்றுக்கும் வாசலில் ஒரே நிபந்தனை: மூலம் நிஜம் என்பதற்கான மதிப்பெண் மாதிரியான டி.எஸ். மதிப்பு 25-ஐத் தாண்ட வேண்டும்.

சரி, 24.9 வாங்கியது என்ன ஆகும்? வருடம் கூடக் கூட எண்ணிக்கையும் கூடுகிறது என்றால், அடுத்த பதிப்பில் வரப்போகிறவை இப்போதே தரவுக்குள் ஃபோட்டான் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. நாம்தான் அவற்றைப் பின்னணிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடிக்காமலேயே, மொத்தத்தில் இத்தனை இருக்கும் என்று சொல்ல வழி உண்டா? நான் புள்ளியியல் நடத்துகிறவன். வானியல் பொழுதுபோக்கு மட்டும்தான். அதனால் கணக்கைத் தாராளமாகச் சொல்லுங்கள், வானத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்.

---

குன்னூர்க்காரி எழுதியது:

முதலில் அந்த 25. ஓர் இடத்தில் மூலம் இருக்கிறது என்று வைத்து ஒரு நிகழ்தகவு, இல்லை என்று வைத்து ஒரு நிகழ்தகவு. இரண்டின் விகிதத்துக்கு இயல்மடக்கை எடுத்து 2-ஆல் பெருக்கினால் கிடைப்பது டி.எஸ். மதிப்பு. இடத்துக்கு 2 எண், நிறமாலைக்கு 2 எண் என்று நான்கைச் சரிசெய்துகொள்ள விடுவதால், 25 என்பது 4 சிக்மாவுக்குக் கொஞ்சம் மேலே போய் நிற்கும், அதாவது தற்செயலாக வர வாய்ப்பு மிகக் குறைவு.

இவ்வளவு கறார் எதற்கு என்றால், தேடுவது முழு வானம். ஆயிரக்கணக்கான இடங்களில் பார்த்தால் தற்செயலாகவே சில இடங்களில் நாலைந்து ஃபோட்டான் கூடி நிற்கும். வாசலைத் தாழ்த்தினால் அதெல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒவ்வொரு பெயரும் நம்பகமாக இருக்க வேண்டும். பின்னால் ஒருவர் அந்த இடத்தை நோக்கி ஆப்டிகல் தொலைநோக்கியைத் திருப்பப் போகிறார் அல்லவா.

இன்னொன்று, கருவியின் பார்வை கூர்மையானதில்லை. 100 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் ஒரு ஃபோட்டான் வந்த திசையை ஏறக்குறைய 5 டிகிரிக்குள்தான் சொல்ல முடியும். 1 கிகா எலக்ட்ரான்வோல்ட்டில், அதாவது ஆயிரம் மெகாவில், 0.8 டிகிரி. 10 கிகாவுக்கு மேல் போனால்தான் 0.15-க்குள் இறங்கும். முழுநிலா அரை டிகிரி என்பதை நினைத்துப் பாருங்கள். கீழ் ஆற்றலில் ஒரு மூலத்தின் வட்டத்தில், நடுவிலிருந்து விளிம்பு வரைக்குமே பத்து நிலா வரிசையாக நிற்கும். பக்கத்து மூலம் எங்கே முடிகிறது, இது எங்கே தொடங்குகிறது என்று எப்படிப் பிரிப்பது?

25 என்பது நாம் வைத்த வாசல். வானத்துக்கு அதுபற்றி ஒன்றும் தெரியாது.

---

பாய்சான் பாண்டி எழுதியது:

கணக்குச் சார், உங்கள் கேள்விக்கு வழி உண்டு. மூலங்களைத் தேடுவதை விட்டுவிட்டு பிக்சல்களை எண்ண வேண்டும்.

ஊட்டியில் தகரக் கூரை வீட்டில் இருந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். தூறல் நேராகக் கூரையில் விழும்போது துளிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் விழும். அதே கூரை கற்பூர மரத்தடியில் இருந்தால், மழை நின்ற பிறகும் காற்று அடிக்கும்போதெல்லாம் இலையில் சேர்ந்த தண்ணீர் கொத்தாகச் சடசடவென்று கொட்டும். ஒரு மணி நேரத்தில் விழுந்த மொத்தத் துளி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் காதை மூடிக்கொண்டு, நொடிக்கு எத்தனை என்று மட்டும் யாராவது எழுதிக் கொடுத்தால்கூட எது தூறல், எது மரம் என்று சொல்லிவிடலாம். மரத்தடியில் வெற்று நொடிகளும் அதிகம், ரொம்பக் கூட்டமான நொடிகளும் அதிகம்.

எண்ணில் பார்க்கலாம். 10,000 பிக்சல். சராசரியாகப் பிக்சலுக்கு 2 ஃபோட்டான். எல்லாமே சீரான பின்னணி என்றால், தூறல் மாதிரி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் விழுவதற்கான பாய்சான் பரவல்: வெற்றுப் பிக்சல் 1353, 9 அல்லது அதற்கு மேல் வாங்கியது 2 அல்லது 3.

இப்போது சராசரியை அதே 2-இல் வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் மாற்றுவோம். பின்னணி 1.6. மீதி 0.4 மங்கலான மூலங்களிலிருந்து. பத்துப் பிக்சலுக்கு ஒரு மூலம், ஒவ்வொன்றும் சராசரி 4 ஃபோட்டான். கணக்குப் போட்டால் வெற்றுப் பிக்சல் 1830 பக்கம் வரும். 9-உம் அதற்கு மேலும் வாங்கியவை 130-ஐத் தாண்டும். பரவற்படி, அதாவது எண்ணிக்கை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு, 2-இலிருந்து 3.6 ஆகிவிடும்.

அந்த 4 ஃபோட்டான் மூலத்தில் எதையாவது தனியாகச் சுட்டிக்காட்ட முடியுமா? முடியாது. அது இருக்கும் பிக்சலில் பின்னணியோடு சேர்த்து 5 அல்லது 6 வரும். ஒரு மூலமும் இல்லாத சீரான வானத்திலேயே 6-உம் அதற்கு மேலும் வாங்கிய பிக்சல் 165 இருக்கும். ஒன்றைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, ஆனால் கூட்டமாக அவை அங்கே இருப்பதை மறைக்கவும் முடியாது.

உண்மையான தரவில் எல்லா மூலமும் ஒரே பிரகாசம் இல்லை. அதனால் இந்தப் பிரகாசத்தில் இத்தனை என்று ஒரு வளைகோடு வைத்து, அதன் சாய்வையும் அது திரும்பும் இடத்தையும் பிக்சல் வரைபடத்துக்குப் பொருந்துமாறு தேடுவார்கள். ஒரு மூலத்தின் ஒளி நாலு பிக்சலுக்குச் சிந்துவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதை விட்டால் ஒரு மூலம் நாலு சின்ன மூலமாக வேஷம் போடும். 2011-இல் மாலிஷெவும் ஹாக்கும் ஃபெர்மி தரவில் இதைச் செய்தார்கள். 2016-இல் ஸெக்லினும் கூட்டாளிகளும் பட்டியலின் வாசலுக்கு ஏறக்குறைய பத்து மடங்கு கீழே வரை இறங்கினார்கள்.

---

கேத்திப் பள்ளத்தாக்கு எழுதியது:

பாண்டி, உங்கள் கணக்கு சரி. அதை வைத்து வரும் முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

அதே 10,000 பிக்சல், அதே சராசரி 2. மூலம் ஒன்றுகூட வேண்டாம். வானத்தின் ஒரு பாதியில் பின்னணி 1, இன்னொரு பாதியில் 3 என்று வையுங்கள். வெற்றுப் பிக்சல் எத்தனை? ஏறக்குறைய 2090. உங்கள் மூலங்கள் கொடுத்ததைவிட அதிகம். 9-உம் அதற்கு மேலும் வாங்கியவை 19. பரவற்படி 3.

பின்னணி சமமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இந்த வானத்தை உங்கள் முறையிடம் கொடுத்தால், மங்கலான மூலங்கள் நிறைய இருக்கின்றன என்று அழகாகப் பிழை எல்லைகளோடு சொல்லும். அது பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறது. கேள்விக்குள்ளேயே பின்னணி பற்றிய ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்ததுதான் சிக்கல்.

நிஜப் பின்னணி இதைவிட மோசம். காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியில் வேகமாகப் பாயும் மின்னூட்டத் துகள்கள், பால்வீதியின் வாயுவில் மோதிப் பிறக்கும் காமா கதிர்கள்தான் அதில் பெரும்பங்கு. வாயு எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதை ரேடியோ அலைகளை வைத்து ஊகித்து ஒரு மாதிரி செய்திருக்கிறார்கள். அந்த மாதிரியில் விட்டுப்போன ஒவ்வொரு சின்ன மேகமும் ஒரு மூலம் மாதிரித்தான் தெரியும். அதோடு, 2018 மார்ச்சில் ஃபெர்மியின் ஒரு சூரியத் தகட்டின் இயக்கி மாட்டிக்கொண்ட பிறகு வானத்தைச் சுற்றிப் பார்க்கும் ஒழுங்கையே மாற்றவேண்டி வந்தது. எல்லாத் திசைக்கும் ஒரே அளவு நேரம் கிடைப்பதில்லை. அந்த நேர வரைபடத்தால் வகுக்காமல் பிக்சல் எண்ணினால் என் பாதிக்குப் பாதி உதாரணம் அப்படியே நடக்கும்.

---

பழைய ரிசீவர் எழுதியது:

இளையவர்கள் இரண்டு பேரும் புதிதாகச் சண்டை போடுவதாக நினைக்கவேண்டாம். இது 1950-களிலேயே ரேடியோ வானியலில் நடந்து முடிந்த சண்டை.

1955-இல் கேம்பிரிட்ஜில் இரண்டாவது ரேடியோ பட்டியல் போட்டார்கள், 1936 மூலங்கள். மங்கலாகப் போகப் போக மூலங்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெருகின. பிரபஞ்சம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது என்ற கொள்கை இதோடு செத்தது என்று அந்தக் குழுவின் தலைவர் ரைல் அறிவித்தார். சிட்னியில் மில்ஸ் தன் கருவியால் அதே வானத்தைப் பார்த்தார். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகவே இல்லை. கடைசியில் பார்த்தால் கேம்பிரிட்ஜ் கருவியின் பார்வை அகலம், பக்கத்துப் பக்கத்து மங்கல் மூலங்கள் ஒன்றாகக் கலந்து பெரிய மூலங்களாகப் பட்டியலில் ஏறியிருந்தன.

அப்போது ஷோயர் என்ற மாணவர் செய்ததுதான் பாண்டி சொல்லும் வித்தை. மூலங்களைப் பட்டியலிடவே இல்லை. பதிவுத் தாளில் பேனா எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பதன் பரவலை மட்டும் எடுத்து, அதிலிருந்து எண்ணிக்கையின் சாய்வைக் கணக்கிட்டார். 1957-இல் வெளிவந்தது. பட்டியல் தப்பாகப் போன அதே தாள்களிலிருந்து ஏறக்குறைய சரியான விடை வந்தது. கேத்தி ஐயாவுக்கு இதைத்தான் சொல்ல வருகிறேன்: பட்டியலும் ஒரு மாதிரியை நம்பித்தான் நிற்கிறது. பிக்சல் கணக்கு மட்டும் நம்பிக்கையின் மேல் நிற்பதாகச் சொல்வது நியாயமில்லை.

நம்ம ஊர்ப் பங்கும் இதில் உண்டு. முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்குப் படுத்திருக்கும் தொலைநோக்கியை எல்லோரும் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். சரிவு 11 டிகிரி, ஊரின் அட்சரேகையும் 11 டிகிரி. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக விழுகிறது. ஒரே அச்சில் உருட்டிக்கொண்டே ஒரு மூலத்தைப் பல மணி நேரம் பின்தொடரலாம். கோவிந்த் ஸ்வரூப் அந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததற்குக் காரணமே அதுதான். 1970-இல் வேலை தொடங்கியது. நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது சமிக்ஞை எப்படி அணைகிறது என்று பார்த்து மூலத்தின் அளவைச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான மங்கலான மூலங்களுக்கு இப்படி அளவு எடுத்து, ஸ்வரூப்பும் கபாஹியும் 1975 வாக்கில் காட்டியது: மங்கலாகப் போகப் போக சராசரிக் கோண அளவு சிறுத்துக்கொண்டே வருகிறது, அதற்குப் பிரபஞ்சம் காலத்தோடு மாறிவருகிறது என்பதே பொருந்துகிறது. ரைல் அவசரப்பட்டுச் சொன்ன முடிவுக்கு இந்த மலையிலிருந்து வேறொரு வழியில் ஆதரவு போனது.

---

மசினகுடி மான் எழுதியது:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஊட்டி ராஜ்பவன் பக்கத்தில் வெள்ளைக் கூம்புகளாக நிறைய நிற்கிறதே, கிரேப்ஸ், அதுவும் காமா கதிர்தானே பார்க்கிறது? அந்தத் தரவில் இதைச் செய்ய முடியாதா? அப்புறம், விண்கலம் வேண்டாம் என்று 1970-களில் ஊட்டியிலேயே கண்ணாடி வைத்துக் காமா கதிர் தேடினார்கள் என்று கேள்விப்பட்டேன். நிஜமா?

---

குன்னூர்க்காரி எழுதியது:

நிஜம்தான் மான். டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் தேடுவிளக்குக் கண்ணாடிகளை வைத்து, காமா கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது சில நானோ நொடி மட்டும் மின்னும் நீல வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்த்தார்கள். வேகமாகச் சுழன்று துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும் பல்சர் விண்மீன்கள்தான் குறி. 1980-களில் அந்த வேலை பச்மடிக்குப் போனது, பிறகு லடாக்கின் ஹான்லேக்கு. இப்போது 21 மீட்டர் கண்ணாடியோடு மேஸ் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. நம் மூடுபனியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை!

கிரேப்ஸ்-3 வேறு ரகம். துகள் பட்டால் மின்னும் சிண்டிலேட்டர் பெட்டிகள் ஏறக்குறைய 400, 8 மீட்டர் இடைவெளியில். பக்கத்தில் 560 சதுர மீட்டருக்கு, மோதலில் பிறந்து தரைவரை வரும் மியூவான் என்ற துகளைப் பிடிக்கும் கருவி. 6 மீட்டர் நீள இரும்புக் குழாய்கள் 3712 அடுக்கியது. மேலே மோதியது காமா கதிர் என்றால் கீழே வரும் மியூவான் குறைவு, புரோட்டான் என்றால் அதிகம். அப்படித்தான் பிரிப்பார்கள். இடி மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததை 2014 டிசம்பர் 1 அன்று மியூவான்களை வைத்து அளந்தது அந்தக் குழாய்கள்தான்.

ஆனால் அது பார்க்கும் ஆற்றல் டெரா எலக்ட்ரான்வோல்ட் கணக்கில். அங்கே ஒரு காமாவுக்கு ஆயிரக்கணக்கில் புரோட்டான்கள் வரும். மங்கலான மூலங்களைக் கூட்டமாக எண்ணுவதற்கு முன்னால் பின்னணியைத் தள்ளவே பெரும்பாடு. ஃபெர்மியில் வெளியே ஓர் உறை இருக்கிறது, மின்னூட்டத் துகள் நுழைந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சௌகரியம் தரையில் இல்லை.

ரிசீவர் ஐயா, ஒன்றைக் கவனித்தீர்களா? முத்தோரையில் நிலாவை வைத்து மூலத்தின் அளவைப் பார்த்தார்கள். கிரேப்ஸில் காஸ்மிக் கதிரில் நிலா போடும் நிழலை வைத்துக் கருவியின் கூர்மையைச் சோதிக்கிறார்கள். ஊட்டிக்கும் நிலாவுக்கும் ஏதோ ஒப்பந்தம் இருக்கிறது.

---

கூடலூர் 77 எழுதியது:

இதையெல்லாம் எண்ணி என்ன லாபம்? ரேஷன் கடையில் சர்க்கரை வருமா?

---

நெறியாளர் எழுதியது:

கூடலூர், பொது அரட்டைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே வாருங்கள். மற்றவர்கள் தொடரலாம்.

---

கேத்திப் பள்ளத்தாக்கு எழுதியது:

ரிசீவர் ஐயா சொன்ன வரலாற்றை மறுக்கவில்லை. ஆனால் ஷோயருக்கு இருந்த வானம் சுத்தமானது. நான் பயப்படும் இடம் பால்வீதியின் மையம்.

மையத்திலிருந்து 2, 3 கிகா எலக்ட்ரான்வோல்ட் பக்கத்தில் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காமா வருவதை 2009-இல் குட்இனஃபும் ஹூப்பரும் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் கரும்பொருள் அழிவதால் வருகிறது என்றால் அது வழவழவென்று பரவியிருக்க வேண்டும். சில மில்லிநொடிக்கு ஒருமுறை சுழலும் மில்லிநொடிப் பல்சர்கள் என்றால் கொத்தாக இருக்க வேண்டும். பாண்டியின் தகரக் கூரைச் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான கேஸ் கிடைக்காது என்று எல்லோரும் நினைத்தார்கள். 2016-இல் இரண்டு குழுக்கள் இரண்டு வெவ்வேறு வழியில் பார்த்து, கொத்துதான், மங்கலான மூலங்கள்தான் என்றன.

2019-இல் லீனும் ஸ்லேட்டியரும் ஒரு வேலை செய்தார்கள். நிஜத் தரவுக்குள் வழவழப்பான ஒரு பொய்க் கரும்பொருள் சமிக்ஞையைத் தாங்களே கலந்துவிட்டு, அதே முறையை ஓட்டினார்கள். தாங்கள் போட்டது திரும்பக் கிடைக்க வேண்டுமல்லவா? கிடைக்கவில்லை. போட்ட கரும்பொருளையும் முறை மூலங்களின் கணக்கிலேயே எழுதியது. அடுத்த வருடம், மிகைக்கு வடக்கிலும் தெற்கிலும் வேறு வேறு பிரகாசம் இருக்கலாம் என்று மாதிரியில் ஒரு சின்ன இடம் கொடுத்தார்கள். மூலங்களுக்கான ஆதாரம் அப்படியே வற்றிப்போனது. நான் சொன்ன பாதிக்குப் பாதி உதாரணம் இதுதான்.

---

பாய்சான் பாண்டி எழுதியது:

மையத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கும் மறுப்பில்லை அண்ணா. அதனால் பல்சர்கள் இல்லை என்று முடிவாகவில்லை. இந்த முறையால் அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை என்றுதான் ஆகிறது. பிற்பாடு நல்ல பின்னணி மாதிரிகளை வைத்து மறுபடி ஓட்டியவர்களுக்கு மூலங்களுக்கான ஆதாரம் குறைந்தாலும் முழுதாகப் போகவில்லை. அது இழுபறிதான்.

ஆனால் முறை கெட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். பால்வீதித் தளத்தை விட்டு மேலே வாருங்கள். 50 கிகாவுக்கு மேல், தளத்திலிருந்து விலகிய வானத்தில், பின்னணி மெலிந்து கிடக்கிறது, கருவியின் பார்வையும் கூர்மை. அங்கே இதே ஏற்ற இறக்கக் கணக்கை ஃபெர்மி குழு 2016-இல் போட்டது. பால்வீதிக்கு வெளியிலிருந்து வரும் மொத்தக் காமா ஒளியில் 86 சதவீதம் புள்ளி மூலங்களிலிருந்து, பெரும்பாலும் பிளேசார்களிலிருந்து, அதாவது மையக் கருந்துளை நம் பக்கம் கதிர்த் தாரையைப் பாய்ச்சும் தொலைதூர விண்மீன் மண்டலங்களிலிருந்து. பிழை எல்லை 15 சதவீதம் பக்கம். எல்லா வழவழப்பும் மூலமாகத்தான் இருக்கும் என்று சும்மா சொல்வதற்கும், இத்தனை பங்கு என்று எண்ணோடு சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கரும்பொருளுக்கு மிச்சம் எவ்வளவு இடம் என்பதற்கு அதுவே ஒரு வரம்பு போட்டுவிடுகிறது.

---

கோத்தகிரி கணக்கு எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. எனக்கு இதில் பிடித்ததே அந்தப் பொய்ச் சமிக்ஞைச் சோதனைதான். வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது: மாதிரி பொருந்துகிறது என்பதற்கும் மாதிரி சரி என்பதற்கும் சம்பந்தம் குறைவு. நீங்களே போட்டதை முறை திருப்பித் தருகிறதா என்று முதலில் பாருங்கள். தராவிட்டால் அதன் பிழை எல்லைகள் வெறும் அலங்காரம்.

ஆகவே மையத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கப்போவதில்லை. தளத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல், கீழ் இரண்டு பக்கமும் மட்டும். அதுவே சரியாகப் பாதி வானம். ஹீல்பிக்ஸ் முறையில் வானத்தை 49,152 பிக்சலாக வெட்டினால் ஒன்று 0.9 டிகிரி. பாதி என்றால் 24,500 சொச்சம். என் லேப்டாப் தாங்கும். பட்டியலில் ஏறியவற்றை மறைத்துவிட்டு, நேர வரைபடத்தால் சரிசெய்து, மிச்சத்துக்கு வரைபடம் போடப்போகிறேன். அதற்கு முன் பொய் வானங்கள்: மூலமே இல்லாதது ஒன்று, பாண்டியின் மூலங்களோடு ஒன்று, கேத்தி அண்ணாவின் சாய்ந்த பின்னணியோடு ஒன்று.

எந்த ஆற்றலிலிருந்து தொடங்குவது? 100 மெகாவிலிருந்து எடுத்தால் ஃபோட்டான் கொட்டிக் கிடக்கிறது. ஆசையாக இருக்கிறது.

---

கேத்திப் பள்ளத்தாக்கு எழுதியது:

ஆசைப்படாதீர்கள். அந்த ஆற்றலில் ஒரு மூலம் 5 டிகிரிக்குச் சிந்தும். உங்கள் 0.9 டிகிரிப் பிக்சலில் கொத்து என்று எதுவுமே மிஞ்சாது, பின்னணியின் மேடு பள்ளம்தான் மிஞ்சும். மறைப்பையும் அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டிவரும். பிரகாசமான மூலத்தின் ஓரச் சிந்தல் மறைப்புக்கு வெளியே எட்டிப்பார்த்தால் அதுவே மங்கலான மூலமாக வேஷம் கட்டும்.

மூன்று பொய் வானம் போதாது. ஒவ்வொரு வகையிலும் சில நூறு செய்யுங்கள். சாய்ந்த பின்னணியில் முறை எத்தனை தடவை ஏமாறுகிறது என்ற எண் எனக்கு வேண்டும்.

---

பாய்சான் பாண்டி எழுதியது:

ஆற்றல் விஷயத்தில் கேத்தி அண்ணா கட்சிதான் நானும். 2-இலிருந்து 10 கிகா வரை எடுங்கள். எண்ணவும் ஃபோட்டான் கிடைக்கும், சிந்தலும் பிக்சலுக்குள் அடங்கும். அப்புறம் தரவு இறக்கும்போது கூர்மை வகை என்று நான்கு பிரிவு இருக்கும். திசை நன்றாகத் தெரிந்த கால் பங்கு ஃபோட்டான்கள் கடைசிப் பிரிவில் இருக்கின்றன, பி.எஸ்.எஃப்.3 என்று பெயர். முதல் தடவை அதை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு பி.எஸ்.எஃப்.2-ஐச் சேர்த்து மறுபடி. இரண்டு விடையும் ஒத்துப்போகவில்லை என்றால் சிந்தல் கணக்கில்தான் கோளாறு, வானத்தைக் குறை சொல்ல வேண்டாம். பொய் வானம் செய்யும் நிரலை நான் எழுதித் தருகிறேன், நாளை இரவு கரண்ட் இருந்தால்.